முடித்த பிள்ளைக்கு இன்னும் இருபது கணக்கு

ஆரம்ப வகுப்பு ஆசிரியனாகப் பணியாற்றிய முதல் ஒன்பது ஆண்டுகளில், விரைவாகப் படிக்கும் பிள்ளையைப் பற்றி நான் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. ஆசிரியப் பயிற்சியின்போது 'மெல்லக் கற்போர்' என்ற சொல்லையும் 'மீத்திறன் மாணவர்' என்ற சொல்லையும் ஒரே பாடத்தில்தான் படித்தோம். ஆனால் பாடசாலைக்கு வந்த பிறகு மேற்பார்வைக்கு வருகிறவர்கள் கேட்பதும் பதிவேட்டில் எழுத வேண்டியிருப்பதும் மெல்லக் கற்போரைத் தூக்கிவிடும் பரிகாரக் கற்பித்தலைப் பற்றியதாகவே இருந்தது. எழுத்துக்கூட்டி வாசிக்கத் தடுமாறும் ஏழெட்டுப் பிள்ளைகள் முன்வரிசையில் இருக்கையில், பத்து நிமிடத்தில் பயிற்சியை முடித்துவிட்டுச் சும்மா இருக்கும் பிள்ளை எனக்கு ஓர் ஆறுதலாகத்தான் தெரிந்தது. அந்தப் பிள்ளை சத்தம் போடாமல் இருப்பதற்காக இன்னும் இருபது கணக்கைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதிப் போடுவேன். அதைப் பெரிய கவனிப்பு என்றும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பாடசாலை மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கிறது. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரைக்கும், வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரையிலிருந்து வரும் ஆசிரியர்களில் பலர் பாதையில் ஏறி வாவியைக் கடந்துதான் வேலைக்கு வந்தார்கள். பாதை என்றால் எங்கள் பக்கத்தில் ஆளையும் சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போகும் மிதவை. மண்டூருக்கும் குருமண்வெளிக்கும் இடையில் பலகாலம் மக்களைச் சுமந்ததும் அதுதான். பெற்றோரில் பெரும்பாலானோர் வயல் செய்கிறவர்கள், மீதிப்பேர் வாவியில் மீன்பிடிக்கிறவர்கள். பெரும்போக அறுவடைக் காலத்தில் வகுப்பில் பாதிப் பிள்ளைகளைக் காண முடியாது.

என் எண்ணத்தை மாற்றியவள் தரம் 3இல் படித்த ஒரு சிறுமி. முதல் தவணையில் எப்போதும் முதலாவதாக முடிப்பவள், இரண்டாம் தவணையில் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து முடிக்கத் தொடங்கினாள். வீட்டில் ஏதும் பிரச்சினையோ, உடம்புக்குச் சுகமில்லையோ என்று நினைத்து ஒருநாள் அவளுக்குப் பின்னால் போய் நின்றேன். கொப்பியின் கடைசித் தாளில் அன்றைய பன்னிரண்டு கணக்குக்குமான விடைகள் பொடி எழுத்தில் வரிசையாக இருந்தன. முன்பக்கத்தில் அவள் நாலாவது கணக்கை, அடிமட்டத்தால் கோடு போட்டுப் போட்டு, மிகவும் ஆறுதலாக எழுதிக்கொண்டிருந்தாள். எல்லாம் முடிந்துவிட்டதே, ஏன் இப்படி இழுத்துக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டதற்கு, "கெதியா முடிச்சா மறுகாவும் தருவீங்களே சேர்" என்றாள்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. தெரிந்த வேலையை மேலும் இருபது தடவை செய்யச் சொல்வது தண்டனை என்பதை எட்டு வயதுப் பிள்ளை விளங்கிக்கொண்டு, தண்டனையிலிருந்து தப்புவதற்கு மெதுவாக இருக்கப் பழகியிருக்கிறாள். பழக்கியவன் நான்.

அதன் பிறகுதான் இதைப் பற்றி ஒழுங்காக வாசிக்கத் தொடங்கினேன். அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோசப் ரென்சுல்லி என்ற கல்வியாளர், மீத்திறன் என்பது பிறவியிலே ஒட்டிக்கொண்டு வரும் ஒரு பட்டம் அல்ல என்றும், சராசரிக்கு மேற்பட்ட ஆற்றல், படைப்பாற்றல், எடுத்த காரியத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும் ஈடுபாடு ஆகிய மூன்றும் ஓரிடத்தில் சந்திக்கும்போது வெளிப்படும் நடத்தை என்றும் 1978இல் எழுதினார். பாடத்தைச் சுருக்குதல் என்ற முறையும் அவரும் அவரோடு வேலை செய்தவர்களும் வளர்த்ததுதான். பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த பகுதியை முதலில் கண்டறிந்து, அதற்கான பயிற்சியை விட்டுவிட்டு, மிஞ்சும் நேரத்தை வேறு ஆழமான வேலைக்குக் கொடுப்பது அதன் சாரம். கேட்பதற்கு எளிது. ஆனால் முப்பத்திரண்டு பிள்ளைகளும் ஒரு கரும்பலகையும் உள்ள வகுப்பில் அதைச் செய்து பார்த்தபோதுதான் அதன் சிக்கல்கள் தெரிந்தன.

நான் செய்தது இதுதான். கணித அலகு ஒன்றைத் தொடங்கும் நாளில், அந்த அலகின் முடிவில் வரும் கடினமான பத்துக் கணக்குகளை விரும்பியவர்கள் செய்து பார்க்கலாம் என்று கொடுப்பேன். எட்டோ அதற்கு மேலோ சரியாகச் செய்கிற பிள்ளை, அந்த அலகில் புதிதாக எதையாவது விளக்கும்போது மட்டும் எங்களோடு இருக்கும். மற்றப் பிள்ளைகள் பயிற்சி செய்யும் நேரத்தில், வகுப்பின் பின்மூலையில் வைத்திருந்த அட்டைப்பெட்டியிலிருந்து தனக்குப் பிடித்த ஒரு வேலையை எடுத்துக்கொள்ளும். இதில் நான் விட்ட பிழை, அந்தப் பெட்டிக்குள் முதலில் தரம் 5 கடந்தகால வினாத்தாள்களைப் போட்டு வைத்ததுதான். இரண்டு வாரத்தில் பெட்டியைத் தொட ஆளில்லை. தரம் 3 பிள்ளைக்குத் தரம் 5 கணக்கைக் கொடுப்பது அதே இருபது கணக்கை வேறு உடுப்பில் கொடுப்பதுதான் என்று பிறகு விளங்கியது. வினாத்தாள்களை எடுத்துவிட்டு, சோடா மூடிகள், பழைய நாட்காட்டித் தாள்கள், தீப்பெட்டிக் குச்சிகள், சதுரக்கோட்டுத் தாள்கள் ஆகியவற்றோடு, கேள்வி மட்டும் எழுதிய சிறிய அட்டைகளைப் போட்டேன். ஒரு நாட்காட்டித் தாளில் எந்த நான்கு திகதிகளைச் சதுரமாக எடுத்தாலும் மூலைவிட்டத்தில் உள்ள இரண்டிரண்டின் கூட்டுத்தொகை ஏன் சமமாக வருகிறது என்பது அப்படி ஓர் அட்டை. அதற்குப் பிறகு பெட்டிக்குச் சண்டை வந்தது.

அடுத்த ஆண்டு அதிபரின் சம்மதத்தோடு புதன்கிழமைகளில் பாடசாலை விட்ட பின் ஒரு வகுப்பைத் தொடங்கினேன். வளமூட்டல் நிகழ்ச்சி என்று பதிவேட்டில் எழுதினாலும் பிள்ளைகளுக்கு அது 'புதன் வகுப்பு'தான். நேரம் ஒன்றே கால் மணித்தியாலம். அதற்கு மேல் நீட்ட முடியாததற்குக் கல்விக் காரணம் எதுவும் இல்லை: பின்னேரமானால் எல்லைக் கிராமங்களுக்கு யானை இறங்கும், வயலோரப் பாதையால் நடந்து போகும் பிள்ளைகள் வெயில் இருக்கும்போதே வீடு சேர வேண்டும்.

தெரிவில்தான் பெரிய பிழை விட்டேன். தவணைப் பரீட்சையில் தரம் 3இலும் 4இலும் கூடிய புள்ளி எடுத்த பதினான்கு பேரைச் சேர்த்து, அவர்களின் பெயரை அறிவித்தல் பலகையில் ஒட்டினேன். ஒட்டிய மறுநாளே இரண்டு தாய்மார் வந்து, ஒரு புள்ளியால் தங்கள் பிள்ளை விடுபட்டதைப் பற்றி அழாத குறையாகப் பேசினார்கள். அது கூடப் பரவாயில்லை. தெரிவான பிள்ளைகளில் ஒருவன் பக்கத்து வாங்கில் இருந்தவனிடம் "நீ மொக்கன், அதுதான் உன்ன எடுக்கல்ல" என்று சொன்னதைக் காதால் கேட்டபோதுதான் பலகையில் ஒட்டிய தாளின் பாரம் விளங்கியது. அன்றே கிழித்தேன்.

புள்ளியை மட்டும் வைத்துத் தெரிவு செய்தால் யார் தப்பிப் போவார்கள் என்பதற்கு இத்துறையில் எல்லோரும் சொல்லும் ஒரு கதை உண்டு. 1921இல் கலிபோர்னியாவில் லூயிஸ் டேர்மன் என்ற உளவியலாளர் நுண்ணறிவுச் சோதனை வைத்து ஆயிரத்து ஐந்நூறுக்கும் அதிகமான மீத்திறன் பிள்ளைகளைத் தெரிந்தெடுத்துப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார். அந்தச் சோதனைக்கு இருந்து, வெட்டுப்புள்ளியைத் தொடாமல் வெளியே விடப்பட்ட இருவர் வில்லியம் ஷொக்லியும் லூயிஸ் அல்வாரஸும். முன்னவர் 1956இலும் பின்னவர் 1968இலும் பௌதிகவியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார்கள். எங்கள் ஊரில் நோபல் பரிசுக்காரனைத் தேட நான் வகுப்பு வைக்கவில்லை. ஆனாலும் வெட்டுப்புள்ளியை நம்பி இருந்திருந்தால் நானும் ஒருவனைத் தவறவிட்டிருப்பேன்.

இரண்டாம் ஆண்டில் கதவைத் திறந்துவிட்டேன். தரம் 3, 4 பிள்ளைகள் யாரும் முதல் ஆறு வாரம் வரலாம். அந்த ஆறு வாரமும் வீட்டுவேலை இல்லை, புள்ளி இல்லை, ஒவ்வொரு வாரமும் வேறொரு விடயம். ஒரு வாரம் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒருவர் வந்து வடமோடிக் கூத்தின் தாளக்கட்டைக் கையால் தட்டிக் காட்டினார். ஒரு வாரம் வாவிக்கரைப் பறவைகள். ஒரு வாரம் வலை. ஏழாம் வாரம் தங்களுக்கென்று ஒரு கேள்வியோடு வருகிறவர்கள் தொடரலாம் என்றேன். நாற்பத்தொரு பேரில் தொடங்கியது ஏழாம் வாரத்தில் பதினேழாகக் குறைந்தது, யாரையும் நான் கழிக்காமலே. அவர்களில் ஆறு பேர் முந்திய ஆண்டு முறைப்படி பார்த்தால் வாசலைக் கூட மிதித்திருக்க முடியாதவர்கள்.

அந்த ஆறு பேரில் ஒருவன் தரம் 4 பையன். தவணைப் பரீட்சையில் கணிதத்தில் ஐம்பத்தேழு எடுத்தவன், எழுத்து கோழி கிளறியது போல இருக்கும். தகப்பன் வாவியில் வீச்சு வலை எறிகிறவர், வலையையும் அவரே முடிக்கிறவர். வலை வாரத்தில் நான் கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதினேன்: வலையின் மேல் வரியில் 30 கண்; ஒவ்வொரு வரியிலும் இரண்டு கண் கூடும்; இருபது வரியில் மொத்தம் எத்தனை கண்? மற்றவர்கள் கூட்டத் தொடங்கிவிட்டார்கள். இவன் பென்சிலை எடுக்கவே இல்லை. என்ன யோசனை என்றேன். "வலை அப்படி முடிய மாட்டாங்க சேர். நாலு வரி ஒரே மாதிரிப் போட்டுத்தான் அப்பா கண் கூட்டுவாரு. கூட்டுறதும் ஆறு" என்றான். அவன் சொன்னபடியே கணக்கை மாற்றினேன்: முதல் நாலு வரியும் 30, அடுத்த நாலும் 36, பிறகு 42, 48, 54.

பத்து நிமிடம் கழித்து அவனுடைய தாளில் கூட்டல் எதுவும் இருக்கவில்லை. ஐந்து எண்களும் மேலிருந்து கீழாக எழுதப்பட்டு, முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் ஒரு வளைகோடு இணைத்திருந்தது. இரண்டாவதையும் நாலாவதையும் இன்னொரு வளைகோடு. "மேலயும் கீழயும் சேர்த்தா எண்பத்தி நாலு. மத்த ரெண்டும் சேர்த்தாலும் எண்பத்தி நாலு." அப்படியானால் நடுவிலே தனியாக நிற்கும் 42ஐ என்ன செய்வது? கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "அது பாதிச் சோடி சேர்" என்றான். இரண்டரைச் சோடி, 210, நாலு வரிப்படி 840. கூட்டல் விருத்தியின் கூட்டுத்தொகையை நாங்கள் உயர்தரத்துக்குக் கிட்டப் போய்த்தான் சூத்திரமாகப் படிக்கிறோம். ஒற்றை எண்ணிக்கையான உறுப்புகள் வரும்போது நடு உறுப்பு பாதிச் சோடி என்ற விளக்கத்தை எந்தப் பாடநூலிலும் நான் கண்டதில்லை. இன்று வரை அந்தச் சொல்லை வைத்துத்தான் மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அவன் தவணைப் பரீட்சையில் அதற்குப் பிறகும் அறுபதுகளைத் தாண்டவில்லை. அதற்கு அவனுடைய வாசிப்பும் எழுத்தும் காரணம். அவற்றுக்குப் பரிகாரக் கற்பித்தலும் தேவைப்பட்டது. மீத்திறனும் பரிகாரமும் ஒரே பிள்ளைக்கு ஒரே கிழமையில் தேவைப்படலாம் என்பதைப் பதிவேட்டின் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

மறுபக்கத்தில், புள்ளியில் எப்போதும் முதலாவதாக வரும் ஒரு பெண்பிள்ளை இருந்தாள். அவளிடம் வேறொரு துன்பம். ஒரு நிமிடத்துக்குள் விடை வராத கேள்வியைத் தொட மாட்டாள். பிழை விட்டால் தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவாள். ஒருமுறை அழுதும் விட்டாள். இப்படிப்பட்ட பிள்ளைகளை 'தைரியமாக முயற்சி செய்' என்று சொல்லித் திருத்த முடியாது என்பது என் அனுபவம். அவளுக்குத் தேவையாக இருந்தது, எனக்கும் விடை தெரியாத ஒரு கேள்வி. 1937இல் லோதர் கொலாட்ஸ் என்ற ஜேர்மன் கணிதவியலாளர் முன்வைத்ததாகச் சொல்லப்படும் ஒரு விளையாட்டு உண்டு: ஏதாவது ஓர் எண்ணை எடுங்கள், இரட்டை எண் என்றால் பாதியாக்குங்கள், ஒற்றை எண் என்றால் மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள், திரும்பத் திரும்பச் செய்தால் கடைசியில் 1 வந்து சேரும். எந்த எண்ணை எடுத்தாலும் அப்படித்தான் வருமா என்பதை உலகத்தில் ஒருவரும் இன்னும் நிறுவவில்லை. இதைச் சொன்னதும் வகுப்பு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது. "கொழும்பில ஆக்களுக்கும் தெரியாதா சேர்?" என்று ஒரு குரல் கேட்டது.

எல்லோருக்கும் சின்ன எண்களைக் கொடுத்துவிட்டு, அவளுக்கு மட்டும் வேண்டுமென்றே 27ஐக் கொடுத்தேன். அது 111 படிகள் போகும். இடையில் 9,232 வரை ஏறி இறங்கும். முதல் வாரம் ஒரு பக்கம் எழுதிவிட்டு, இது முடியாது போல என்றாள். இரண்டாம் வாரம் ஓடி வந்து கொப்பியை நீட்டினாள். நாற்பதாம் படிக்குக் கிட்ட 445க்குப் பிறகு 1,335 என்று இருந்தது, ஒன்றைக் கூட்ட மறந்துவிட்டாள். அந்தப் பிழையைப் பிடித்தவன் நான் அல்ல. "ஒற்றைக்குப் பிறகு ஒற்றை வரக்கூடாது சேர். ஒற்றைய மூணால பெருக்கினா ஒற்றைதான் வரும், ஒண்டு கூட்டினா இரட்டையாயிரும். அப்ப இதில ஏதோ பிழை" என்று தானே கண்டுபிடித்திருந்தாள். தாளைக் கிழிக்கவில்லை. 1,335இன் மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 1,336 என்று எழுதி, அந்தக் கோட்டை எல்லோருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தாள்.

பெற்றோரோடு நடந்த இழுபறியையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் நாட்டில் ஆரம்ப வகுப்பில் எதைத் தொடங்கினாலும் அது தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் போய்த்தான் முட்டும். முதலாம் தாளில் நாற்பது கேள்வி, இரண்டாம் தாளில் அறுபது, மொத்தம் இருநூறு புள்ளி, மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடும் வெட்டுப்புள்ளி என்பதெல்லாம் படுவான்கரையில் எழுத்தறியாத பாட்டிக்கும் தெரியும். வசதி குறைந்த குடும்பத்துக்கு அந்தப் பரீட்சை கொடுக்கும் உதவிப்பணத்தையும், பெரிய பாடசாலையின் கதவையும் நான் இலேசாக எண்ணவில்லை. அதனால், புதன் வகுப்பில் ஸ்கொலசிப்புக்கு என்ன படிப்பிக்கிறீர்கள் என்று ஒரு தகப்பன் கேட்டபோது, எதுவும் இல்லை என்று உண்மையைச் சொன்னேன். அடுத்த புதன் அவருடைய மகன் வரவில்லை. பிறகு ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம்: தரம் 5 பிள்ளைகளைப் புதன் வகுப்புக்கு எடுப்பதில்லை, தரம் 3, 4 பிள்ளைகளுக்கு வினாத்தாள் கொடுப்பதில்லை. தவணைக்கு ஒருமுறை பெற்றோரை அழைத்து, பிள்ளைகள் செய்ததைப் பிள்ளைகள் வாயாலேயே சொல்லவைத்தேன். என்னுடைய எந்த விளக்கத்தையும் விட அது வேலை செய்தது. கேட்ட தகப்பனின் மகன் மூன்றாம் தவணையில் திரும்பி வந்தான்.

பிள்ளையின் வேலைக்கு உண்மையான கேட்போர் வேண்டும் என்று ரென்சுல்லியும் வலியுறுத்துகிறார். அதை நான் முழுதாக நம்பியது, தரம் 4 சிறுமி ஒருத்தி களவெட்டிச் சொற்களைத் திரட்டியபோதுதான். சூடடிக்கும் களத்தில் நெல்லைப் பொலி என்று சொல்வது போல, அங்கே மட்டும் புழங்கும் சொற்கள் எங்கள் பக்கத்தில் நிறைய உண்டு; இயந்திரம் வந்து அறுத்து அடித்துக்கொண்டு போன பிறகு அவை பெரியவர்களின் வாயில் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. அவள் தன் அம்மம்மாவிடம் தொடங்கி, ஐந்து வீடுகளுக்குப் போய் முப்பத்தேழு சொற்களை எழுதி வந்தாள். நான் திருத்துவதை விட்டுவிட்டு, ஊரில் வயல் காரியங்களை மேற்பார்க்கும் வட்டவிதானையாரை அழைத்து வந்து அவர் முன் வாசிக்கவைத்தேன். அவர் மூன்று சொற்களுக்குப் பொருள் பிழை என்றார். அவள் தலையைக் குனியாமல், "யாரு சொன்னது சரியெண்டு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டாள். மனுசன் சிரித்துவிட்டு, பழுகாமத்தில் தன்னை விட வயதான ஒருவர் இருக்கிறார், அவரிடம் போய்க் கேட்போம் என்றார். இரண்டு பேரும் ஒரு சனிக்கிழமை, தகப்பனின் மோட்டார் சைக்கிளில் போய்க் கேட்டு வந்தார்கள். இரண்டு சொற்களில் வட்டவிதானையார் சரி, ஒன்றில் அம்மம்மா சரி.

இவ்வளவுக்கும் செலவு பெரிதாக இல்லை. செலவானது நேரம்தான். அதையும் மழை தின்றது. கார்த்திகை, மார்கழியில் வடகீழ்ப் பருவமழை பிடித்தால் தெருவுக்கு மேலால் தண்ணீர் ஓடும், புதன்கிழமைகள் தொடர்ந்து இரண்டு மூன்று தவறிப்போகும். முதல் இரண்டு ஆண்டும் அதை நட்டமாக எண்ணினேன். மூன்றாம் ஆண்டில், வெட்டிய போத்தலில் அடிமட்டத்தை ஒட்டி மழைமானி செய்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். வகுப்பு நடக்காத வாரங்களின் அளவுகளோடுதான் தை மாத வகுப்பு தொடங்கியது. ஒன்பது வீட்டில் ஏழு வீட்டின் அளவு ஒத்துப்போனது. மற்ற இரண்டு வீட்டிலும் மானியை மாமரத்துக்குக் கீழே வைத்திருந்தார்கள் என்பதைக் கண்டுபிடிக்கப் பிள்ளைகளுக்கு அரை மணித்தியாலம் எடுத்தது.

சிங்கப்பூரில் 1984 முதல் தரம் 3 அளவில் சோதனை வைத்து, மிகத் திறமையான சிறு தொகையினரைப் பிரித்துக் குறிப்பிட்ட சில பாடசாலைகளில் படிப்பித்தார்கள். ஒவ்வோர் ஆரம்பப் பாடசாலையும் தன் பிள்ளைகளுக்குத் தானே வளமூட்டும் முறைக்கு மாறப்போவதாக 2024இல் அறிவித்தார்கள். அந்தச் செய்தியைப் பார்த்தபோது, நான் கிழித்த அறிவித்தல் தாள்தான் நினைவுக்கு வந்தது.

கடந்த ஆண்டு எனக்கு எழுவான்கரைக்கு இடமாற்றம் வந்தது. புதன் வகுப்பை ஏற்றுக்கொண்ட இளம் ஆசிரியையிடம் அட்டைப்பெட்டியைக் கொடுத்தபோது, கேள்வி அட்டைகளுக்கான விடைக் கொப்பி எங்கே என்று கேட்டார். பெட்டியின் அடியில் இருந்த, ஒரு கோடு போட்டு வெட்டித் திருத்திய 27இன் நிழற்பிரதியை எடுத்துக் கொடுத்தேன். முதல் வாரத்துக்கு எந்த எண் நல்லது என்று கேட்டார். ஏழில் தொடங்குங்கள், பதினாறு படியில் முடிந்துவிடும் என்றேன்.